வீணைக்குச் சுரைக்காய் தேடிப் போய் விளக்கோடு திரும்பினேன்

சென்ற ஆவணியில் என் வீணையின் சுரைக்காய் விரிந்துவிட்டது. வீணை வாசிப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தஞ்சாவூர் வீணையில் வலப்பக்கம் இருக்கும் பெரிய குடம் பலா மரத்தில் கடைந்தது. இடப்பக்கம், யாளி முகத்துக்குச் சற்று முன்னால், தண்டியின், அதாவது நீண்ட கழுத்தின், அடியில் சிறிய உருண்டை ஒன்று தொங்கும். அதுதான் சுரைக்காய். அதை இடது தொடையில் சாய்த்துக்கொண்டுதான் வாசிப்போம். என்னுடையது ஏகாண்ட வீணை, ஒரே மரத்தில் குடைந்தது. என் அம்மாவுக்காகத் தாத்தா 1968இல் வாங்கினார். அன்று வந்த சுரைக்காய்தான் இத்தனை வருஷமும் இருந்தது. மாணவி ஒருத்தி தூக்கி வைக்கும்போது நிலைப்படியில் இடித்தது. காம்பிலிருந்து அடி வரைக்கும் ஒரே கோடாகப் பிளந்துவிட்டது.

கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் கேட்ட இடத்திலெல்லாம் ஃபைபர் உருண்டையைத்தான் எடுத்துக் காட்டினார்கள். இன்னொரு இடத்தில் காகிதக்கூழில் செய்தது. இரண்டும் குறையில்லாத வேலைதான். உடையாது, பூச்சி வராது, வெளியூர் கச்சேரிக்குத் தூக்கிப் போகலாம். புது வீணைகளில் பெரும்பாலும் இதைத்தான் பூட்டுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வழக்கமாக எனக்கு மேளம் கட்டித் தருகிற, அதாவது விரல் வைத்து வாசிக்கும் உலோக மெட்டுகளை மெழுகில் நிறுத்தித் தருகிற பெரியவர்தான் கடைசியில் வழி சொன்னார். "டீச்சர், வல்லம் ரோட்டுல ஒரு பொண்ணு சுரைக்காயில விளக்கு செய்யுது. நம்ம நகாசுக்காரர் பொண்ணுதான். அதுக்கிட்ட இல்லாத சுரைக்காயே கெடையாது."

அந்தப் பட்டறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாசலில் பெயர்ப் பலகை இல்லை. பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை. தஞ்சாவூரில் வீணை வேலை செய்கிற எவரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

ஓட்டு வீடு, பின்னால் பந்தல். உள்ளே நுழைந்ததும் விட்டத்திலிருந்து நூறு நூற்றைம்பது சுரைக்காய்கள் கயிற்றில் தொங்குகின்றன. சில பச்சை வெளிறியவை, சில மேல்தோல் முழுக்கப் பூஞ்சை பூத்துக் கறுத்தவை, சில தேன் நிறத்துக்கு வந்துவிட்டவை. அழுகிப்போய்விட்டதோ என்று பூஞ்சை பிடித்த ஒன்றைத் தொடாமல் விலகினேன். அவர் சிரித்துக்கொண்டே அதை இறக்கி என் காதோரம் குலுக்கினார். உள்ளே விதைகள் கலகலத்தன. "இது காஞ்சிருச்சு டீச்சர். பூஞ்சை வெளியதான். ஊற வச்சுச் சொரண்டினா அடியில மேகம் மாதிரி ஒரு கறை இருக்கும் பாருங்க, அதுதான் எனக்கு வேணும்." அதே காயைச் சொன்னபடியே ஊறவைத்துக் கம்பி நாரால் தேய்த்துக் காட்டினார். கறுப்புத் தோல் வழன்று போனதும் பழுப்பும் மஞ்சளுமாகப் பளிங்கில் ஓடும் ரேகை போல ஒரு சித்திரம் வெளியே வந்தது. அதை யாரும் வரையவில்லை. ஆறு மாதம் அந்தக் காய் தன் ஈரத்தை வெளியே விட்டபோது பூஞ்சை போட்ட கோலம்.

இங்கே என் பழைய அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூன்று வருஷம் முன்னால் இணையத்தில் ஒரு சுரைக்காய் விளக்கு வாங்கினேன். எங்கே என்பது வேண்டாம். மயில், தாமரை, தங்கப் பூச்சு எல்லாம் கண்ணைப் பறித்தன. இரண்டு மாதத்தில் அடிப்பக்கம் மெத்தென்று ஆகி, அலமாரியைத் திறந்தாலே புளித்த வாடை வந்தது. சரியாகக் காயாத சுரைக்காய்க்குக் கனமாக வண்ணம் அடித்து ஈரத்தை உள்ளேயே பூட்டியிருக்கிறார்கள். இந்தப் பட்டறையில் முதலில் அதைத்தான் கேட்டேன். கொடியிலேயே காம்பு பழுக்கும் வரை விட்டு, காம்போடு அறுத்து, நிழலில் காற்றாட மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை காய விடுவதாகச் சொன்னார். பெரிய காய்க்கு ஒரு வருஷம்கூட ஆகுமாம். குலுக்கினால் விதை பேச வேண்டும். பேசாத காயில் அவர் கத்தி வைப்பதில்லை. கேட்பவர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி. எனக்கே நாலு மாதம் காத்திருக்கச் சொன்னார். வீணைக்கு வேண்டிய உருண்டை வடிவம் அப்போது விட்டத்தில் ஈரமாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நாலு மாதத்தில் ஐந்தாறு முறை போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் கதை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

அப்பா வீணைக்கு நகாசு வேலை செய்தவர். குடத்தின் விளிம்பிலும் தண்டியின் ஓரத்திலும் வெள்ளைத் தகட்டில் கொடியும் பூவும் கீறிக் கறுப்பு ஏற்றுவார்களே, அந்த வேலை. இவர் எட்டு ஒன்பது வயதில் பட்டறைக்குக் காபி கொண்டுபோகிற சாக்கில் உட்கார்ந்து பார்ப்பாராம். கழித்துப் போட்ட தகட்டுத் துண்டுகளில் தானாகவே கீறிப் பழகியிருக்கிறார். கை நன்றாக ஓடிற்று. ஆனாலும் வீணைத் தகட்டில் கைவைக்க அப்பா ஒருநாளும் விடவில்லை. அதற்குப் பதில் விரிசல் விட்ட சுரைக்காய்களைக் கொடுத்திருக்கிறார். "சுரைக்காயில தப்புப் பண்ணினா வெதைய எடுத்து வெதச்சிரலாம். வீணையில பண்ணினா நான் யாருக்குப் பதில் சொல்றது?" அப்பா சொன்னதை அவர் எனக்குத் திருப்பிச் சொன்னபோது அதில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் இருந்தது. அந்தப் பெண்ணை அன்றே பலகையில் உட்கார வைத்திருந்தால் இன்று தஞ்சாவூரில் நல்ல நகாசுக்காரர் ஒருவர் கூடுதலாக இருந்திருப்பார். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைதான். அந்த வேலைக்குப் பிள்ளைகள் வருவது குறைந்துகொண்டே போகிற காலத்தில், வந்த பெண்ணையும் நாம் காபி கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.

கல்யாணம், இரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு வருஷம் ரவிக்கை தைத்த கை. அப்பா போன பிறகு பட்டறையைக் காலி செய்தார்கள். பரணில் இரண்டு சாக்கு நிறையச் சுரைக்காய். ஃபைபர் வந்த பிறகு யாரும் தொடாதவை. எண்ணிப் பார்த்தால் நாற்பத்து மூன்று. தூக்கிப் போடச் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்பாவின் எழுத்தாணியை எடுத்து முதல் காயில் கீறியதும் அது பிளந்தது. இரண்டாவதும் பிளந்தது. வருஷக்கணக்கில் பரணில் வெந்து வறண்ட ஓடு, தகட்டுக்குக் கொடுக்கிற அழுத்தத்தைத் தாங்கவில்லை. ஈரத் துணியில் ஓர் இரவு சுற்றிவைத்துப் பிறகு கீறலாம் என்று பதினோராவது காயில்தான் கண்டுபிடித்தாராம். அந்தப் பதினோராவது இன்னும் அவர் பூஜை மாடத்தில் இருக்கிறது. அப்பாவின் அதே கொடி, அதே பூ. ஒரு பக்கம் மட்டும் கோணல்.

பிறகு மகளிர் குழுவோடு சத்தீஸ்கரில் ராய்ப்பூர் கண்காட்சிக்குப் போனவர், அங்கிருந்து பஸ் பிடித்துப் பஸ்தர் பக்கம் கொண்டகாவ் வரை போயிருக்கிறார். மணி உலோகச் சிற்பத்துக்குப் பேர்போன ஊர் அது. அந்த வட்டாரத்தில் பழங்குடி மக்கள் தூம்பா என்று சொல்லும் சுரைக்குடுக்கையில்தான் தண்ணீரும் கஞ்சியும் சல்பி மரத்துக் கள்ளும் எடுத்துப் போவார்கள். இரும்புக் கத்தியைத் தணலில் காய்ச்சி ஓட்டின் மேல் வைத்துக் கோடு எழுதுகிறார்கள். பொம்மைகளும் விளக்குகளும்கூடச் செய்கிறார்கள். கீறத் தெரிந்தவருக்குச் சுடுவது புதிது. கத்தியை எத்தனை நொடி வைக்கிறோமோ அதற்கேற்ற நிறம்: தேன், பழுப்பு, கறுப்பு. மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, மகனுடைய சால்டரிங் அயர்னை வாங்கிப் பழகியிருக்கிறார்.

மேசையில் கைக்குள் அடங்கும் ஒரு குட்டிச் சுரைக்காய் இருக்கிறது. பெரு நாட்டுக்காரி ஒருத்தி கோயில் பார்க்க வந்தபோது கொடுத்துவிட்டுப் போனதாம். உவாங்காயோ நகருக்குப் பக்கத்தில் கோச்சாஸ் என்ற மலையூரில் இந்த வேலைதான் குடும்பத் தொழில். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அறுவடை, கல்யாணம், ஆட்டு மந்தை, வாத்தியக்காரர்கள். ஓர் ஊரின் திருவிழாவே எலுமிச்சம்பழ அளவில் ஓடுகிறது. கீறிய பள்ளத்தில் எரித்த புல்லின் சாம்பலைக் கொழுப்போடு குழைத்துத் தேய்த்துக் கறுப்பு ஏற்றுவது அங்கே ஒரு முறை. "எங்கப்பா தகட்டுல கறுப்பு ஏத்தினதும் இதேதான் டீச்சர்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெருவின் வட கடற்கரையில் உவாக்கா பிரியேத்தா என்ற மேட்டில் 1946இல் அமெரிக்கத் தொல்லியல் ஆய்வாளர் ஜூனியஸ் பேர்ட் தொடங்கிய அகழாய்வில் சுமார் 4000 வருஷம் பழைய, முகம் செதுக்கிய சுரைக்குடுக்கைகள் கிடைத்தன. நான் இதைச் சொன்னதும் அவர் அந்தக் குட்டிச் சுரைக்காயைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம் வெகுநேரம் கீழே வைக்கவே இல்லை.

இனி, வாங்கிய பொருளுக்கு வருகிறேன்.

வீணைச் சுரைக்காய் தை மாதம் தயாரானது. 1,500 ரூபாய். உள்ளே இருக்கும் சோற்றை, அதாவது காய்ந்த சதையை, வழித்துச் சுத்தம் செய்து, வாயில் மர வளையம் ஒட்டி, என் பழைய திருகே பொருந்தும்படி கொடுத்தார். பந்தலில் தொங்கி வளர்ந்த காய் என்பதால் எல்லாப் பக்கமும் ஒரே உருண்டை. தரையில் கிடந்து வளர்ந்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடுமாம்; அவற்றை விளக்குக்கு வைத்துக்கொள்கிறார், மேசையில் தானாக நிற்கும். நாதம் மாறிற்றா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எதிரே உட்கார்ந்து கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வீணையின் நாதம் பலாக் குடத்தில் இருக்கிறது. இந்தச் சுரைக்காய்க்கு அதில் பங்கு சிறிது. ஆனால் வாசிப்பவருக்குத் தெரியும். மந்தர பஞ்சமத்தை, அதாவது கீழ் ஸ்தாயிப் பஞ்சமத்தை, மீட்டினால் இடது தொடையில் ஒரு சன்னமான அதிர்வு வந்து உட்காரும். இது தயாராகும் வரை ஃபைபர் உருண்டை பூட்டி வாசித்த நாலு மாதம் அது இல்லை. அது இல்லாததால்தான் சுரத்தை அசைத்துக் கமகம் பிடிக்கும்போது ஏதோ ஊமையாக இருந்தது என்று, அந்த அதிர்வு திரும்பி வந்த பிறகே புரிந்தது. கச்சேரிக்காகப் பயணம் போகிறவர்கள் ஃபைபரே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருந்து வாசிப்பவர்கள், சொல்லிக்கொடுப்பவர்கள் ஒருமுறை இதைப் பூட்டிப் பாருங்கள்.

விளக்கு 2,800 ரூபாய். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான உயரம், அடி பெருத்துக் கழுத்து வளைந்த காய். வண்ணம் கிடையாது, தேன்மெழுகுப் பூச்சு மட்டும். பூஞ்சை விட்ட கறையை அப்படியே வானமாக வைத்து, கீழே சிக்குக் கோலம். கோலத்தின் இழை முழுவதும் சூட்டுக் கோடு. புள்ளிகள் மட்டும் துளை. மூன்று அளவு துளைகள், ஒரு மில்லிமீட்டரிலிருந்து மூன்று வரை. பகலில் இது ஒரு பழுப்புச் சுரைக்காய், அவ்வளவுதான். இரவில் போட்டால் இழைகள் மறைந்து புள்ளிகள் மட்டும் சுவரிலும் கூரையிலும் விரிகின்றன. மார்கழி விடியலில் அம்மா புள்ளி வைத்து முடித்து, இழை இழுக்கக் குனிவதற்கு முன்னால் ஒரு கணம் நிமிர்வாள். அந்தக் கணத்தில் வாசல் எப்படி இருக்குமோ அப்படி. வாங்கிய முதல் வாரம் தினமும் அதைப் போட்டுவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

குறைகளும் உண்டு. ஒயர் ஒன்றரை மீட்டர்தான். பூஜை அறையிலிருந்து பிளக் வரை எட்டவில்லை. அடித்துளை குறுகலாக இருந்ததால் பல்பு மாற்ற என் கை நுழையவில்லை. திருப்பிக் கொண்டுபோனேன், துளையைப் பெரிதாக்கி இரண்டடி கூடுதல் ஒயரும் போட்டுத் தந்தார், காசு வாங்கவில்லை. ஆனால் எல்லோரும் தஞ்சாவூருக்குத் திரும்பிப் போக முடியாது, ஆகவே வாங்கும்போதே கையை விட்டுப் பார்த்துவிடுங்கள். மூன்று வாட் எல்இடிக்கு மேல் போடாதீர்கள். பழைய குண்டு பல்பின் சூடு சுரைக்காயை வறட்டிப் பிளந்துவிடும். படிப்பதற்கு இந்த வெளிச்சம் போதாது. கடைக்காக வண்ணம் அடித்த பொம்மைகளும் சாவி வளையங்களும் வைத்திருக்கிறார். பேருந்தில் வரும் சுற்றுலாக்காரர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள், அதில்தான் வீட்டுச் செலவு ஓடுகிறது. அந்தக் கையின் அருமை அவற்றில் இல்லை. பூச்சில்லாததைக் கேட்டு வாங்குங்கள். உள் அறையில் வைத்திருப்பார்.

மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு பயிற்சி. இரண்டு நாளுக்கும் சாப்பாட்டோடு 1,800 ரூபாய், ஆறு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. மாசியில் போனேன்.

முதல் நாள் முழுக்கச் சுத்தம் செய்வதுதான். வலைப்பையில் சுரைக்காய்களைப் போட்டுத் தொட்டியில் இறக்கினால் மிதந்துகொண்டே இருக்கும். அழுத்தி வைக்க மேலே ஓர் உடைந்த அம்மியை ஏற்றியிருந்தார். தமிழ் இலக்கணத்தின் பொருள்கோள் பாடத்தில் மொழிமாற்றுக்கு 'சுரை ஆழ அம்மி மிதப்ப' என்று ஓர் அடி காட்டுவார்கள். சுரை மிதக்க, அம்மி ஆழ என்று மாற்றிப் பொருள் கொள்ள வேண்டும். இந்தத் தொட்டியில் மாற்றாமலே சரியாக இருந்தது: சுரை அடியில், அம்மி மேலே. எங்கள் கிராமத்துக் கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித்தான் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பிள்ளையைத் தாங்குகிற அந்தக் காய், ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடலில் மிதந்தே அமெரிக்கக் கண்டம் சேர்ந்திருக்க வேண்டும் என்று 2014இல் மரபணு ஆய்வு ஒன்று சொன்னது. அம்மிக்கு அடியில் அது துள்ளுவதைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியவில்லை.

காயை அறுத்து உள்சோற்றை வழிக்கும்போது கிளம்பும் தூசி தொண்டையைப் பிடிக்கும். நல்ல முகக்கவசம் கொடுக்கிறார், கழற்றினால் திட்டுகிறார். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் பகுதியில் விலகி உட்கார்வது நல்லது. அவரிடம் சொன்னால் சுத்தம் செய்த காயையே கொடுத்துவிடுவார். உப்புத்தாள் போட்டு முடிக்கும்போது மாலை ஆகிவிட்டது. எங்களோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள் இருவர், எப்போது வரையலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். முதல் நாளோடு கிளம்பியும் விட்டார்கள். இந்த இடத்தில் பயிற்சி முறையில் ஒரு மாற்றம் வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் நாள் சாயங்காலம் ஒரு சின்னத் துண்டிலாவது சூட்டுக்கோலை, அதுதான் அந்தச் சால்டரிங் அயர்னை, பிடிக்கவிட்டால் அந்தப் பிள்ளைகள் மறுநாளும் வந்திருப்பார்கள். அவரிடமே சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார்.

வெளிச்சம் மங்கியதும் பந்தலுக்குக் கூட்டிப் போனார். சுரைப்பூ வெள்ளை, பொழுது சாய்ந்த பிறகுதான் விரியும். தேனீ கூட்டுக்குப் போன நேரம் அது, அந்திப்பூச்சி வந்தால் உண்டு. அதனால் அவரே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிட்டு வருகிறார். ஆடியில் போட்ட கொடி அறுப்பு முடிந்து, இது கோடைக்காக இரண்டாவதாகப் போட்டது. ஒவ்வொரு பூவாக அவர் குனிந்து தொட்டுக்கொண்டு போனதைப் பார்த்தபோது, இந்த வேலை எழுத்தாணியில் தொடங்குவதில்லை என்று புரிந்தது.

இரண்டாம் நாள்தான் சூட்டுக்கோல். அவர் சொல்லிக்கொடுப்பது அருமை. கோட்டை இழுக்காதே, காயைத் திருப்பு என்கிறார். வலது கை அசையாமல் நிற்க, இடது கை காயைச் சுழற்ற வேண்டும். வீணைக்காரிக்கு இது தலைகீழ் அல்ல. மீட்டும் கை நின்ற இடத்தில் நிற்க, இடது கைதான் எங்கும் போய்வரும். மதியத்துக்குள் எனக்கு ஒரு முழு வட்டம் பிசிறில்லாமல் வந்துவிட்டது. அவர் எதுவும் சொல்லவில்லை, பக்கத்தில் உள்ளவர்களிடம் எடுத்துக் காட்டினார். சாப்பாட்டில் சுரைக்காய்க் கூட்டும் வத்தக்குழம்பும். கூட்டுக்குப் போட்டது கடையில் வாங்கிய பிஞ்சு. பந்தலில் இருக்கும் ஓட்டுச் சுரை பெரும்பாலும் கசப்பு, கசக்கும் சுரைக்காய் விஷம், வாயில் வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டே பரிமாறினார்.

திரும்பும்போது எல்லோருக்கும் பத்து விதை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நான் மொட்டைமாடித் தொட்டியில் நாலு போட்டேன், இரண்டு முளைத்தன. ஒரே ஒரு காய் தங்கியது. காம்பு பழுத்ததும் அறுத்து மாடிப்படி வளைவில் கட்டியிருக்கிறேன். இப்போது மேலெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எடுத்துப் போடச் சொல்கிறார்கள். வகுப்பு முடிந்து போகும்போது என் மாணவிகள்தான் ஒவ்வொருத்தியாக எட்டிக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.